பருமனானவர்கள் விமானத்தில் சீட் எடுப்பது எப்படி

ஹட்டனில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேனில் போகும்போது வழி முழுக்க அம்மாவுக்கு ஒரே பயம், சீட் பத்துமா என்று. அந்தப் பயத்தோடு யாரும் மலையிறங்கக் கூடாது, அதனால் டிக்கெட் போடும் முன்பே அளவெடுங்கள்.

சாதாரண வகுப்பு சீட் பெரும்பாலும் 17, 18 அங்குல அகலம்தான். உட்கார்ந்தபடி இடுப்பின் அகலத்தை ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் நேராக அளக்க வேண்டும், சுற்றளவு வேண்டாம். கைப்பிடி முழுசாக இறங்காவிட்டால் பல நிறுவனங்கள் இரண்டாவது சீட் வாங்கச் சொல்லும். அதை நீங்களாக இணையத்தில் போடாமல், நிறுவனத்துக்கோ ஏஜென்டுக்கோ போன் செய்து உங்கள் பெயரிலேயே பக்கத்துச் சீட்டாகக் கேளுங்கள், பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விதி வேறு.

முன்சுவரை ஒட்டிய முதல் வரிசை வேண்டாம். கால் நீட்டலாம், ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் அந்தக் கைப்பிடி பெரும்பாலும் மேலே தூக்க வராது. நடைபாதைச் சீட்டில் பல விமானங்களில் கைப்பிடிக்கு அடியில், பின்பக்கமாக, விரலால் தடவினால் ஒரு சின்ன பொத்தான் தட்டுப்படும், அழுத்தினால் கைப்பிடி மேலே எழும். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பெல்ட் எட்டாவிட்டால் ஏறும்போதே பணிப்பெண்ணிடம் மெதுவாக "நீட்டுப் பெல்ட் ஒன்று தாங்க" என்று கேளுங்கள், காசு இல்லை. அதைப் போடுபவர்களை அவசர வழி வரிசையில் பொதுவாக உட்கார விடமாட்டார்கள்.