பொழுது விடியுமுன் வளை வாசலில்: காலஹாரி மீர்கேட் நிலையத்தில் தங்கி வேலை செய்ய ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில், வான்சைல்ஸ்ரஸ் என்ற சிற்றூரைத் தாண்டிய காலஹாரிப் பாலைவன மணல்மேடுகளுக்கு நடுவே குருமான் ஆற்றுக் காப்பகம் இருக்கிறது. 1993-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிம் கிளட்டன்-பிராக் அங்கே மீர்கேட் ஆய்வைத் தொடங்கினார். மீர்கேட் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்தது, கூட்டமாக வாழ்வது. ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் கண்டு, பிறப்பு முதல் இறப்பு வரை தொடர்கிறார்கள். களவேலையில் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள், படிப்பை முடித்துவிட்டு ஓராண்டு போலத் தங்கும் தன்னார்வலர்கள். அப்படிப் போக நினைப்பவர்களுக்காகவே இந்தக் குறிப்புகள்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லா ஏற்பாடும் ஒரே ஒரு வேலைக்காகத்தான்: மீர்கேட் வளையைவிட்டு வெளியே வந்து, இரை தேடக் கிளம்புவதற்குள் அதன் வெறும் வயிற்று எடையை எடுப்பது. ஒரு தேளைத் தின்றுவிட்டால்கூட அந்த எடை கெட்டது. நாளை எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது நாளைய எடைதான். இன்றைய கட்டம் காலியாகவே கிடக்கும். முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுப்பது, வண்டியை எங்கே நிறுத்துவது, முட்டையை எப்போது வேகவைப்பது என்பதெல்லாம் அந்தக் காலை நிமிடங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டியவை.

எடை எடுப்பது

வளர்ந்த மீர்கேட் பொதுவாக 600 முதல் 800 கிராம் இருக்கும். ஒரு நாளில் கூடுவதும் இரவில் குறைவதும் சில பத்து கிராம்தான். அதனால் தராசு 1 கிராம் துல்லியம் காட்ட வேண்டும், நீங்களும் அதே அளவுக்குக் கவனமாக இருக்க வேண்டும். மின்னணுத் தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதற்குள் ஒரு கைப்பிடி மணல். காலடியில் பழகிய மணல் இருந்தால் விலங்கு தயங்காமல் ஏறும். மணலைப் போட்ட பிறகு பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் மணல் சிந்தினால் மறுபடி பூஜ்யம்.

தராசை நேராக மணல்மேல் வைக்கக்கூடாது. ஒரு பக்கம் அமிழ்ந்தால் எடை குறைத்துக் காட்டும், பார்வைக்குத் தெரியாது. ஒரு சிறு பலகையை மணலில் அழுத்திச் சமப்படுத்தி அதன்மேல் வையுங்கள். காற்றடித்தால் எண் துள்ளும். உங்கள் முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்து தராசை மறைத்துக்கொள்ளுங்கள். தினமும் கிளம்புமுன் 500 கிராம் படிக்கல்லை வைத்துச் சோதியுங்கள். தட்டுக்கடியில் போன மணல்துகள் ஒன்று போதும், ஒரு வாரத் தரவைக் கெடுக்க.

விலங்கைத் தராசுக்கு அழைப்பது அவித்த முட்டைத் துணுக்கால். விரல்நுனியில் ஒட்டும் அளவுதான், அதற்கு மேல் வேண்டாம். தாராளமாகக் கொடுத்தால் இரண்டு கேடு: நீங்கள் அளக்க வந்த எடையை நீங்களே மாற்றிவிடுவீர்கள், மற்றவை முண்டியடித்து, இரண்டு மூன்று ஒன்றாகத் தட்டில் ஏறும். முட்டையை முந்தைய மாலையே 10 நிமிடம் கெட்டியாக வேகவைத்து, ஓட்டோடு குளிர்ப்பெட்டியில் வையுங்கள். கோடையில் உரித்த முட்டை மதியத்துக்குள் கெட்டுவிடும்.

ஒரே நாளில் மூன்று எடை: விடியலில், சில மணிநேரம் இரை தேடிய பிறகு, மாலை வளைக்குள் இறங்குமுன். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அது எவ்வளவு தின்றது என்று சொல்லும். சினைப்பட்ட பெண்ணின் எடை சுமார் 70 நாள் ஏறிக்கொண்டே போய், ஒரு காலையில் சட்டென்று விழும். குட்டி போட்டுவிட்டது என்பதை வளைக்குள் எட்டிப் பார்க்காமலே தராசு சொல்லிவிடுகிறது. குட்டிகளுக்குக் காவலாக நாள் முழுதும் பட்டினியோடு வளையருகே தங்கும் விலங்கின் எடை இறங்குவதையும் இப்படித்தான் காண்கிறார்கள்.

யார் யார் என்று தெரிவது

ஒவ்வொன்றின் உடலிலும் தலைமுடிச் சாயத்தால் சிறு கறுப்புப் புள்ளிகள் வைத்திருப்பார்கள்: தோள், முதுகு நடு, தொடை, வாலடி என்று இடத்தை மாற்றி மாற்றி. ரோமம் உதிரும் பருவத்தில் புள்ளியும் உதிர்ந்துவிடும். மங்கத் தொடங்கும்போதே, காலையில் வெயில் காய எழுந்து நிற்கும் நேரம் பார்த்து, தூரிகையால் மெல்லத் தொட்டுப் புதுப்பிக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் தோலுக்கடியில் உள்ள சிப்பைப் படிக்கலாம்.

முதல் சில வாரங்கள் இதில்தான் தடுமாறுவீர்கள். இடது தோளும் வலது தோளும் மாறிப்போவது எல்லோருக்கும் நேரும் பிழை. உங்களுக்கு எதிர்முகமாக நிற்கும் விலங்கின் இடது உங்கள் வலப்பக்கம் இருக்கும். அது திரும்பி முதுகு காட்டும்வரை காத்திருங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் பெயர் எழுதாதீர்கள். விட்டுப்போன எடையைப் பகுப்பாய்வு தாங்கும். வேறொருத்தியின் பெயரில் ஏறிய எடையைப் பத்தாண்டு கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நெருங்கும்போது எப்போதும் ஒரே மாதிரி மெல்லிய ஒலி எழுப்பிக்கொண்டே போங்கள். இவை மனிதருக்குப் பழகியவை, ஒரு மீட்டர் தூரத்தில் நின்றாலும் பொருட்படுத்தாது. ஆனால் திடீரென்று புதருக்குப் பின்னாலிருந்து வரும் நிழல் எதுவும் அவற்றுக்குப் பகைதான். விலங்குக்கும் அதன் பொந்துக்கும் நடுவில் நிற்கக்கூடாது. காவல் நிற்கும் மீர்கேட் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் அப்படியே உறைந்து நில்லுங்கள். கரிச்சான் குருவி பொய்யாக எச்சரித்து இரையைப் பறிக்கும் ஊர் அது. எது மெய், எது பொய் என்று தீர்மானிக்க வேண்டியது மீர்கேட்தான், நீங்கள் அல்ல. கழுகு குட்டியைத் தூக்கினாலும், பாம்பு வளைக்குள் நுழைந்தாலும் குறுக்கிடக்கூடாது. மனது கேட்காது. நேரத்தையும் நடந்ததையும் எழுதுங்கள்.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது

ஒரு கூட்டத்துக்குப் பல வளைகள் உண்டு, இன்று தூங்கியதில் நாளை தூங்கும் என்று இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றுக்கு, பெரும்பாலும் தலைமைப் பெண்ணுக்கு, கழுத்தில் சமிக்ஞை அனுப்பும் ரேடியோ பட்டை இருக்கும். பட்டையின் எடை உடல் எடையில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதனால் பேட்டரியும் சிறியது, சமிக்ஞையும் வலுவற்றது. மணல்மேட்டு உச்சியில் ஏறி, ஆன்டெனாவைத் தலைக்கு மேல் பிடித்து, ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திரும்புங்கள். சத்தம் வலுக்கும் திசையில் நடக்க நடக்க ரிசீவரின் கெயினை, அதாவது சமிக்ஞை வாங்கும் உணர்திறனை, குறைத்துக்கொண்டே வாருங்கள். குறைக்காவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே சத்தமாகக் கேட்டு, விலங்குக்கு இருபதடி தள்ளியே சுற்றிச்சுற்றி வருவீர்கள். விலங்கு வளைக்குள் இருந்தால் சமிக்ஞை மிகவும் மங்கும், அதைத் தூரம் என்று எண்ணிவிடாதீர்கள்.

நேரம்: டிசம்பரில் சூரியன் ஐந்தரை மணி சுமாருக்கு எழும், ஜூலையில் ஏழேகாலுக்கு மேல். குளிர்காலத்தில் மீர்கேட் வெயில் ஏறிய பிறகே வெளியே வரும். அதற்காக நீங்கள் தாமதமாகப் போகலாம் என்று இல்லை. அரைமணி முன்னதாகவே வளையருகே அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

மணலில் வண்டி

தார்ச்சாலைக் காற்றழுத்தத்தோடு ஆழமணலில் இறங்கினால் முதல் மேட்டிலேயே புதைவீர்கள். 18 முதல் 22 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள், டயர் அகன்று மணல்மேல் மிதக்கும். அந்த அழுத்தத்தில் வேகமாகத் திருப்பினால் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். சரளைச் சாலைக்குத் திரும்பியதும் காற்றடித்துவிட்டுப் போங்கள். கையடக்கக் காற்று பம்ப்பும் அளவுமானியும் வண்டியைவிட்டு இறங்கவே கூடாது. மணல் விடியலில் குளிர்ந்து இறுகியிருக்கும், மதியத்தில் நெகிழ்ந்து ஓடும். போகும்போது எளிதாக ஏறிய மேடு திரும்பும்போது ஏற விடாது.

சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுழலச் சுழல வண்டி வயிறு தட்டி உட்காரும். இறங்கி, நான்கு சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வாரி, காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். ஆர்ட்வார்க் என்னும் கறையான் தின்னும் விலங்கு தோண்டிய குழிகள் புல்லுக்குள் மறைந்திருக்கும். புதுத் தடம் போடாமல் இருப்பது வண்டிக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வேறொரு ஆபத்து வரும். உயர்ந்து வளர்ந்த புல்லின் விதைகள் ரேடியேட்டரை அடைத்து இன்ஜினைக் கொதிக்க வைக்கும். முன்னால் கொசுவலை போன்ற நெருக்கமான வலை கட்டுங்கள். இதைவிட மோசம், வண்டிக்கு அடியில் புகைக்குழாயைச் சுற்றிச் சேரும் காய்ந்த புல். அது பற்றினால் வண்டியோடு காடும் எரியும். புல்தடத்தில் ஓட்டும் நாளில் அவ்வப்போது நிறுத்திக் குனிந்து பார்த்து, கம்பியால் இழுத்து எடுங்கள். சூடான வண்டியைக் காய்ந்த புல்மேல் நிறுத்தவே கூடாது. தீயணைப்பானை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள், பெட்டிகளுக்கு அடியில் அல்ல.

பண்ணைக் கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

வெயில், குளிர், தண்ணீர்

கோடைப் பகல் 40 டிகிரியைத் தாண்டும், குளிர்கால இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். பாலைவனம் என்றதும் பருத்திச் சட்டையோடு வருகிறவர்கள் ஜூன் மாத விடியலில் விறைத்துப்போகிறார்கள். கம்பளிக் குல்லா, விரல்நுனி திறந்த கையுறை, காற்றைத் தடுக்கும் மேலாடை மூன்றும் கட்டாயம். ரிசீவர் பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வையுங்கள்.

கோடையில் காலை வேலைக்கே 2 லிட்டர், நாள் முழுவதற்கும் 5 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் சிலருக்கு முதல் வாரம் வயிற்றைக் கலக்கும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து குடிப்பது போதும். இடி முழக்கம் கேட்டால் எடை பாதியில் நின்றாலும் பரவாயில்லை, வண்டிக்குள் போய் உட்காருங்கள். மணல்மேட்டில் ஆன்டெனாவோடு நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள்.

கடிப்பவை, கொட்டுபவை

மதிய வெயிலில் கேமல்தார்ன் என்னும் பெரிய வேலமரத்து நிழல் கண்ணைக் கவரும். அதன் அடியில் உட்காராதீர்கள். அந்த நிழல்மணலுக்குள் மண் உண்ணிகள் புதைந்திருக்கும். நீங்கள் விடும் மூச்சின் கரியமில வாயுவை உணர்ந்து மேலே வந்து கடிக்கும். கால்நடைகள் வழக்கமாகப் படுக்கும் நிழலாக இருந்தால் நிச்சயம் இருக்கும்.

தேளை அதன் முன்பக்க இடுக்கிகளையும் வாலையும் பார்த்து மதிப்பிடலாம். இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் பாரபூத்தஸ் வகை, ஆபத்தானது. இடுக்கி பெருத்து வால் மெலிந்திருந்தால் விஷம் குறைவு. பாரபூத்தஸ் கொட்டி நாக்கு தடித்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவமனை. புற ஊதா டார்ச்சின் ஒளியில் எல்லாத் தேளும் பச்சையாக ஒளிரும்; படுக்குமுன் அறையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் கால் நுழைக்காதீர்கள்.

பாம்பில் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேப் நாகத்தின் விஷம் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். கடிபட்ட கையையோ காலையோ அழுத்தக் கட்டுத்துணியால் முழு நீளத்துக்கும் சுற்றி, அசையாமல் வைத்து, மூச்சு தளர்ந்தால் வாயோடு வாய் வைத்துச் சுவாசம் கொடுத்துக்கொண்டே கொண்டுபோக வேண்டும். பஃப் ஆடர் என்னும் விரியன் தசையை அழிக்கும்; அதற்கு அழுத்தக் கட்டு கூடாது. இரண்டுக்கும் கீறுவதோ உறிஞ்சுவதோ வேண்டாம். பஃப் ஆடர் நகராமல் தடத்தின் நடுவிலேயே கிடக்கும் என்பதால் இரவில் கழிவறைக்குப் போகும் பத்தடிக்கும் டார்ச் வேண்டும், மூடிய ஷூ வேண்டும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஊரிலேயே போட்டு முடித்துவிட்டு வாருங்கள். தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் கீரி அந்நோயைப் பரப்பும் முக்கிய காட்டுவிலங்கு. எந்தக் கீரி கடித்தாலும், பழகிய மீர்கேட் ஆனாலும், 15 நிமிடம் சோப்பு நீரில் கழுவிவிட்டுத் தெரிவியுங்கள். மீர்கேட்களுக்குக் காசநோயும் வரும். கழுத்தில் வீக்கம் கண்டால் குறித்துக்கொள்ளுங்கள், தொடாதீர்கள். முட்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அங்கே தரையெல்லாம் நெருஞ்சி, நம்மூர் நெருஞ்சியின் உறவுதான். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவும், சிறு இடுக்கியும் போதும்.

சமையலறை

பொது அடுப்பு, முறைவைத்துச் சமையல், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பெரிய கடை. புளி, பெருங்காயம், துவரம்பருப்பு வேண்டுமானால் வரும் வழியில் ஜோகன்னஸ்பர்கின் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியில் வாங்கிக்கொள்ளுங்கள். எச்சில் தட்டை இரவில் வெளியே வைத்தால் ஹனி பேட்ஜர் என்னும் தேன்வளைக்கரடி வரும். குப்பைத்தொட்டி மூடிக்குப் பூட்டு அவசியம். சாதனங்களைச் சூரிய மின்சாரம் மிகும் நடுப்பகலில் சார்ஜ் போடுங்கள், இரவில் அல்ல.

மாலை

மாலை எடை முடிந்ததும் கிளம்பத் தோன்றும். கடைசி விலங்கு தரைக்குள் இறங்கும்வரை நில்லுங்கள். எந்த வளை என்று ஜிபிஎஸ்ஸில் குறித்து, எத்தனை உள்ளே போயின என்று எண்ணி எழுதுங்கள். இதைச் செய்யாமல் வந்தால் மறுநாள் விடியலில் ஆன்டெனாவோடு மேடு மேடாக ஏற வேண்டியிருக்கும், நீங்கள் கண்டுபிடிக்கும்போது அவை தின்னத் தொடங்கியிருக்கும். அறைக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு முன் தரவை இரண்டு இடத்தில் பதிவிறக்குங்கள், நாளை அந்தக் கூட்டத்துக்குப் போகிறவரிடம் வளையின் எண்ணை வாயாலும் சொல்லுங்கள், பிறகு முட்டையை அடுப்பில் வையுங்கள்.