ஆர்டுயினோ ஊனோ, நானோவில் வேகமாக ரேண்டம் எண் எடுப்பது எப்படி?

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிக்கு ஒன்றாக வயர்லெஸ் வெப்பநிலை போர்ட் பூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கரண்ட் போய் வந்ததும் எல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றாகச் செய்தி அனுப்பும். மோதிக்கொண்டு எதுவும் வந்து சேராது. ஒவ்வொரு போர்டும் 0 முதல் 499 மில்லிசெக்கனுக்குள் ஏதோவொரு நேரம் பொறுத்து அனுப்ப வேண்டும்.

இதற்கு, பலரும் பாவிக்கும் ரேண்டம் எண் முறையான மெர்சென் ட்விஸ்டர் சரிவராது. அதன் நிலையை வைக்கவே 2496 பைட் வேண்டும். வழமையான ஊனோ, நானோவின் அட்மெகா328பி சிப்பில் உள்ள ரேம் 2048 பைட்தான். ஆர்டுயினோவோடு கூடவே வரும் ரேண்டம் ஃபங்ஷன் 32 பிட் வகுத்தல் செய்கிறது. இந்தச் சிப்பில் வகுக்க ஹார்ட்வேர் கிடையாது, அதனால் அது மெதுவாகும். என் தெரிவு, ஜார்ஜ் மார்சாக்லியா 2003இல் வெளியிட்ட எக்ஸோர்ஷிஃப்ட் முறையின் 16 பிட் வடிவம்.

படி 1: 16 பிட் அன்சைன்ட் (கழித்தல் குறி ஏற்காத) மாறி ஒன்றில் 1 வையுங்கள்.

படி 2: அதை இடப்பக்கம் 7 பிட் நகர்த்தி, பழைய மதிப்போடு எக்ஸோர் (இரு பிட்டும் வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) செய்து அதிலேயே வையுங்கள். பிறகு இதேபோல வலப்பக்கம் 9, மறுபடி இடப்பக்கம் 8. இந்த 8 பிட் சிப்பில் 8 நகர்த்துவது வெறும் பைட் மாற்றம், அதனால்தான் இவ்வளவு வேகம். முதல் விடை 33153, அடுத்தது 24609. −32383 வந்தால் மாறியை சைன்டாக அறிவித்திருக்கிறீர்கள். 65535 எண்களுக்குப் பிறகு வரிசை திரும்பும்.

படி 3: 500ஆல் பெருக்கி மேல் 16 பிட்டை எடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். இந்தச் சிப்பில் இன்ட் 16 பிட். பெருக்கும் முன்பே 32 பிட்டாக மாற்றாவிட்டால் மேல்பாதி தொலைந்துவிடும். பெருக்கிய பின் மாற்றிப் பயனில்லை.

படி 4: இப்போது விதை, அதாவது மாறியில் முதலில் வைக்கும் எண். 1ஐ அப்படியே விட்டால் எல்லா போர்டும் ஒரே வரிசையைத் தரும். சும்மா விட்ட அனலாக் பின்னை வாசிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அது 10 பிட்தான், அதிலும் மதிப்புகள் ஒரே இடத்தில் குவியும். உப்புக்காற்றில் போர்ட் மேல் படியும் ஈரம் அதை இன்னும் கெடுக்கும். கரண்ட் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராமில் போர்ட் எண்ணை எழுதி அதையே விதையாக்குங்கள். பூச்சியம் மட்டும் வேண்டாம். பூச்சியத்தில் தொடங்கினால் கடைசிவரை பூச்சியம்தான். அடுத்தடுத்த விதைகளின் முதல் எண்கள் ஒரே சாயலில் இருக்கும், எட்டுப் பத்தை எறிந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இஎஸ்பி32 என்ற வேறு சிப் உள்ள போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை, அதில் ஹார்ட்வேர் ரேண்டம் உண்டு, வைஃபை அல்லது புளூடூத் ஓடும்போது நம்பிப் பாவிக்கலாம். கதவுப் பூட்டின் ரகசிய எண்ணுக்கு எக்ஸோர்ஷிஃப்ட் கூடவே கூடாது. ஒரு முழு எண் வெளியே தெரிந்தால் அடுத்ததை எவரும் கணக்கிட்டுவிடலாம்.