கடலோர வீட்டில் ஒலிப்பதிவு அறை: எதை முதலில் வாங்குவது?

பாம்பன், மண்டபம் பக்கம் வீட்டிலேயே பாட்டோ பேச்சோ பதிவு செய்ய நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில், சின்னச் சத்தத்தையும் நுட்பமாகப் பிடிக்கும் கண்டென்சர் மைக்கில் பணத்தைப் போடாதீர்கள். கடற்காற்றின் ஈரம் அதன் மெல்லிய சவ்வில் படிந்தால் படபடவென்று இரைச்சல் வரும். போதாக்குறைக்குப் பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரமும் கொடுக்க வேண்டும். மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கும் வகையான டைனமிக் மைக் ஈரத்தை ஓரளவு தாங்கும். வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துப் பேசினால், வெளியே வாடைக் காற்றோ கச்சான் காற்றோ ஊளையிடுவதும் குறைவாகவே பதிவாகும்.

முதலில் கைப்பேசியும் காதை மூடும் ஹெட்போனும் போதும். அடுத்து மைக், பிறகு மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஸ்பீக்கர் கடைசியில்தான். மென்பொருளுக்கு இலவசமான ஆடாசிட்டி இருக்கிறது.

எதிரொலிக்கு மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டுவது காசுக்குக் கேடு. கீச்சொலியை மட்டுமே அது விழுங்கும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கொடி கட்டிக் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள்.

வேலை முடிந்ததும் மைக்கைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சிலர் அரிசி போடுகிறார்கள். தவிட்டுத் தூசிதான் மிச்சம். கேபிள் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். என்னுடைய முதல் கேபிள் ஓர் ஐப்பசியைக்கூடத் தாண்டவில்லை.