கேசுவல்ட்டி நெரிசலைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

அவசர சிகிச்சைப் பிரிவு நிரம்பி வழியும்போதெல்லாம், சாதாரண காய்ச்சலுக்கும் கேசுவல்ட்டிக்கே வந்துவிடுகிறார்கள் என்று வருகிறவர்கள்மேல் குறை சொல்வது நம் வழக்கம். குமரி மாவட்டத்தில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த செவிலியராகிய நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரங்களை எழுதத் தொடங்கிய பிறகுதான், அட்மிஷன் எழுதியும் வார்டில் படுக்கை கிடைக்காமல் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பவர்களால்தான் இடம் அடைபடுகிறது என்பது புரிந்தது.

ஆகவே முதல் வேலை அந்த நோட்டுதான். ஒரு வாரத்துக்கு, ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் வந்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், அட்மிஷனா வீட்டுக்கா என்று முடிவான நேரம், பிரிவை விட்டு நகர்ந்த நேரம் ஆகிய நான்கையும் குறித்துவையுங்கள். மணிக்கு 8 பேர் வந்து, ஆளுக்குச் சராசரியாக 3 மணி நேரம் இருந்தால் எப்போதும் 24 பேர் உள்ளே இருப்பார்கள். அதையே 2 மணி நேரமாகக் குறைத்தால், வருகிறவர்களில் ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பாமலே 16 பேராகிவிடும்.

வாசலில் நோயாளிகளை, மிக அவசரமென்றால் சிவப்பு, அதற்கடுத்தது மஞ்சள், காத்திருக்கக்கூடியவர் பச்சை என்று தரம் பிரிக்கும் இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை உட்கார வைப்பது பல இடங்களில் நடக்கிறது. அனுபவம் மிகுந்தவர் இருக்க வேண்டிய நாற்காலி அது. ஒரு விடியற்காலையில், ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகும் வழியில் நடந்தே வந்த பெரியவர் ஒருவர், "வாயு பிடிச்சிருக்கு மக்ளே, ஒரு ஊசி போட்டு விடு, வேலைக்குப் போணும்" என்றார். காற்று குளிர்ந்திருந்தும் அவர் சட்டையின் முதுகு முழுவதும் நனைந்திருந்ததைப் பார்த்த மூத்த செவிலியர், "சீட்டு பொறவு எடுக்கலாம் பாட்டா, மொதல்ல படுங்க" என்று சொல்லி இசிஜி எடுத்தார், மாரடைப்பு. நெஞ்சுவலிக்காரருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்தாக வேண்டும் என்பதால், சீட்டுப் பதிவு அதற்குப் பின்னரே இருக்கட்டும்.

பச்சைப் பிரிவினருக்குப் படுக்கை தேவையில்லை; ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், தனி அறை போதும். நாய்க்கடிக்கு 0, 3, 7, 28 ஆம் நாட்களில் தடுப்பூசி போடுகிறோம். முதல் நாளில் காயத்தை 15 நிமிடம் சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதும், ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்து போடுவதும் அவசரப் பிரிவின் வேலை என்றாலும், மற்ற மூன்று ஊசிகளுக்கு அதே வரிசையில் நிற்க வைக்கத் தேவையில்லை. தையல் பிரிக்க வருகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

உண்மையான அடைப்பு வெளியேறும் வழியில்தான் இருக்கிறது. வார்டில் மருத்துவர் ரவுண்ட்ஸ் முடிக்கப் பத்து மணி, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி முடிக்க இரண்டு மணி, காப்பீட்டுத் தாள்கள் முடிய நான்கு மணி. பேச்சிப்பாறைப் பக்கம் போக வேண்டியவரோ பஸ் நேரம் பார்த்து அதுவரை படுக்கையிலேயே இருப்பார். கீழே முற்பகலிலேயே கூட்டம் ஏறத் தொடங்கிவிடும், மேலே படுக்கை காலியாவதோ மாலையில். எனவே மறுநாள் வீட்டுக்குப் போகிறவர்களை முந்தின மாலையே முடிவு செய்து, சம்மரியை இரவிலேயே எழுதி வைத்து, காலையில் அவர்களை நாற்காலிகள் போட்ட ஓர் அறைக்கு மாற்றிவிட வேண்டும். எந்தப் படுக்கை காலி என்பதை மருத்துவமனை முழுவதற்கும் ஒரே ஆள், ஒரே போனில் சொல்ல வேண்டும். அட்மிஷன் முடிவான ஒரு மணி நேரத்துக்குள் படுக்கை கிடைக்காவிட்டால், நிலை சீராக உள்ளவர்களை வார்டுக்கு ஒருவராகக் கூடுதலாக அனுப்பலாம் என்று கண்காணிப்பாளரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள். வார்டில் எதிர்ப்பு வரும்; வார்டில் இருந்த காலத்தில் நானும் எதிர்த்தவள்தான். ஆனால் பத்து வார்டுகளில் ஆளுக்கொருவரைக் கவனிப்பது, பத்துப் பேரையும் கேசுவல்ட்டி நடைபாதையில் இரண்டு செவிலியர் கவனிப்பதைவிடப் பாதுகாப்பானது.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு ரெஃபர் செய்யும் மருத்துவமனைகள், ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே போனில் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை வரம்புக்குட்பட்டு அரசே ஏற்பதால், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகள் பணத்தைக் காரணம் காட்டி அனுப்ப வேண்டியதில்லை.

சபரிமலை சீசனிலும், பன்னிரண்டு கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்தின்போதும் கூட்டம் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அந்த நாட்களுக்குப் பச்சை அறையில் கூடுதல் ஆள் போடுங்கள். மற்ற நாட்களுக்கு, மூன்று ஸ்ட்ரெச்சரே மிச்சம் என்ற நிலை வந்தால் யார் யாரை அழைப்பது என்பதை எண்களோடு எழுதிச் சுவரில் ஒட்டி, மாதம் ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு அந்த எண்களை அழைத்துப் பார்த்து, எடுக்காதவர்களின் எண்ணை மாற்றி எழுதுங்கள்.