குனிவதைக் குறைத்தால் நேரமும் மிஞ்சும்: ஒரு சிறு அட்டைப்பெட்டி யூனிட்டைச் சீரமைக்கும் செய்முறை

புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்தப்படும் சிறு யூனிட்டுகள் நிறைய உண்டு. ஆர்டரை நேரத்துக்கு முடிக்க முடியவில்லை என்றதும் பெரும்பாலான உரிமையாளர்களின் யோசனை புது மெஷினின் பக்கம் போகிறது. நான் பார்த்தவரையில், இருக்கும் மெஷின் சும்மா நிற்பதற்குக் காரணம் அதன் வேகக் குறைவு அன்று. ஷீட்டை எடுக்க ஆள் குனிகிறார், நடக்கிறார், எட்டுகிறார், அதுவரை மெஷின் காத்திருக்கிறது. இடுப்பு வலிக்கும் இடமும் நேரம் போகும் இடமும் அநேகமாக ஒன்றாகவே இருப்பதால், உற்பத்தித் திறனையும் பணிச்சூழலியலையும் (வேலையை மனித உடலுக்கு ஏற்ப அமைக்கும் துறை) இரண்டு தனி வேலைகளாகப் பிரிக்காமல் ஒரே வேலையாகச் செய்யலாம் என்பதே இந்தச் செய்முறையின் அடிப்படை.

எடுத்துக்காட்டாக, பதினான்கு பேர் வேலை செய்யும் அட்டைப்பெட்டி யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரீலில் வரும் காகிதம் நெளி அட்டையாகி, பசை ஒட்டி, காய்ந்து, கிரீசிங் (மடிப்புக் கோடு போடுதல்), ஸ்லாட்டிங் (மூடி மடிப்புகளுக்காக வெட்டுதல்) முடிந்து, கம்பிப் பின் அடிக்கப்பட்டு, கட்டாகக் கட்டப்பட்டு வண்டியில் ஏறுகிறது. தேவைப்படும் கருவிகள் சாக்பீஸ், அளவு நாடா, கைப்பேசி, ஒரு நோட்டு ஆகியவை மட்டுமே.

முதல் படி: இரண்டு நாள் எதையும் மாற்றாமல் பார்த்தல்

ஷெட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து, ஒரு ஹெல்பர் காலையிலிருந்து நடக்கும் வழியை அதில் பென்சிலால் கோடாக இழுத்துக்கொண்டே வாருங்கள். மதியத்துக்குள் அந்தப் படம் இடியாப்பம் போலாகிவிடும். ஸ்லாட்டிங் மெஷினிலிருந்து பின் அடிக்கும் மெஷினுக்கு 12 மீட்டர் தூரம், நாளுக்கு 80 நடை என்றால், போக வர 1,920 மீட்டர். நம் கடற்கரைச் சாலையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடப்பதைவிட இது அதிகம். அதுவும் பாதி நடை கையில் சுமையோடு.

அடுத்து, மனித உடலின் வெளிக்கோட்டை ஒரு தாளில் வரைந்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்து, வேலை முடியும் நேரத்தில் எங்கே வலிக்கிறதோ அங்கே சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை, எந்த வேலை என்பது மட்டும் போதும். இதற்கு முன் ஒரு வாக்குறுதி தேவை: இந்தக் கணக்கைக் காட்டி ஆளைக் குறைக்கமாட்டோம், இலக்கையும் உடனே ஏற்றமாட்டோம் என்று உரிமையாளரே எல்லோர் முன்னிலையிலும் சொல்லவேண்டும். அது இல்லாமல் தொடங்கினால் யாரும் உண்மையான புள்ளியை வைக்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பின் அடிக்கும் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: “மேல இருக்குற ஷீட்டு ஒண்ணும் செய்யாது தம்பி, அடியில போவப்போவத்தான் இடுப்பு வுட்டுப்போவுது.” நான் அதுவரை கவனிக்காத விஷயம் அது.

இரண்டாம் படி: அடுக்கின் மேலும் கீழும் நேரம் எடுத்தல்

பொதுவாக எல்லோரும் இருபது முறை நேரம் எடுத்துச் சராசரி போடுவார்கள். அந்த அக்காவின் பேச்சுக்குப் பிறகு நான் முறையை மாற்றிக்கொண்டேன். ஷீட் அடுக்கின் மேலிருக்கும் முதல் இருபதுக்குத் தனியாகவும், தரையை ஒட்டிய கடைசி இருபதுக்குத் தனியாகவும் நேரம் எடுக்கவேண்டும். வீடியோ எடுப்பதாக இருந்தால் அவர் சம்மதம் கேட்டு, முகத்தை விட்டுவிட்டுக் கையையும் மெஷினையும் மட்டும் எடுங்கள்.

அடுக்கு இடுப்புயரத்தில் இருக்கும்போதும் கணுக்காலளவுக்கு இறங்கியபோதும் ஆகும் நேரத்தின் வித்தியாசம் ஒரு ஷீட்டுக்குச் சராசரியாக 2 நொடி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,200 பெட்டியில் பாதி, அதாவது 600 ஷீட், அந்தத் தாழ்ந்த பகுதியிலிருந்து வருகிறது என்றால் 1,200 நொடி, அதாவது 20 நிமிடம் குனிவதிலேயே போகிறது. அந்த 20 நிமிடத்துக்கு முதுகெலும்பு கொடுக்கும் விலை வேறு.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அன்று. அமெரிக்காவில் கொத்தனார் வேலை பழகி, பிறகு ஒப்பந்ததாரரான ஃபிராங்க் கில்பிரெத், நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, செங்கல் ஒவ்வொன்றுக்கும் தரைவரை குனிந்து எழும் கொத்தனார் செங்கல்லின் எடையோடு தன் உடலின் எடையையும் சேர்த்துத் தூக்குகிறார் என்று கண்டு, செங்கல்லை இடுப்புயரத்தில் வைக்கும் சாரத்தை அமைத்தார். நம் யூனிட்டில் அந்தச் சாரத்தின் இடத்தைச் சில காலி மரப் பேலட்டுகள் (சரக்கை அடுக்கும் பலகைத் தட்டுகள்) பிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: உயரங்களைச் சரிசெய்தல்

செய்முறையின் இதயம் இதுதான் என்பதால் இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

ஒவ்வொருவரையும் வேலைக்குப் போடும் செருப்போடு நிற்கச் சொல்லி, தோளைத் தளர்த்தி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் செய்து, தரையிலிருந்து முழங்கைவரை அளந்து எழுதுங்கள். நின்று செய்யும் இலகுவான கைவேலைக்கு மேசையின் உயரம் முழங்கையைவிட 5 முதல் 10 செ.மீ. தாழ்ந்திருக்கலாம். பெட்டிக் கட்டை இறுக்கிக் கட்டுவதுபோல மேலிருந்து அழுத்தம் கொடுக்கும் வேலைக்கு இன்னும் தாழ்வாக, 15 செ.மீ.க்கும் கீழே இருக்கவேண்டும். அச்சின் பிழை பார்ப்பது போன்ற கண் வேலைக்கு முழங்கையளவோ அதற்குச் சற்று மேலோ வைப்பது நல்லது. இல்லையென்றால் கழுத்து தொங்கிப்போகும்.

ஒரே மேசையில் உயரமானவரும் குள்ளமானவரும் மாறி மாறி நிற்பதுதான் சிக்கல். அப்போது மேசையை உயரமானவருக்கு ஏற்ப அமைத்து, மற்றவருக்கு மரப்பலகை மேடை போடுவதே வழி. ஒருவரின் முழங்கை 108 செ.மீ., இன்னொருவருடையது 96 செ.மீ. என்றால், மேசை 100 செ.மீ., மேடை 12 செ.மீ. இருவருக்கும் இடைவெளி அதே 8 செ.மீ.யாக அமையும். மேடை ஆடாமலும், கால் நகர்த்த இடம் உள்ளதாகவும், விளிம்பு கண்ணில் படும்படி மஞ்சள் பெயின்ட் அடித்ததாகவும் இருக்கட்டும். தலைப்பகுதி நிலையாக உள்ள பின் அடிக்கும் மெஷினுக்கும் இதே மேடைதான் தீர்வு.

ஷீட் அடுக்கை முழங்காலுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். அடியில் காலி பேலட்டுகளைக் கொடுத்து அடித்தளத்தையே 45, 50 செ.மீ.க்கு உயர்த்திவிட்டு, முழு அடுக்குக்குப் பதிலாகப் பாதி அடுக்காக இரண்டு மடங்கு தடவை கொண்டுவந்தால் போதும். நடை கூடுமே என்று கேட்பீர்கள். நான்காம் படியில் டிராலி அதைப் பார்த்துக்கொள்ளும்.

உட்காருவதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நின்று வேலை செய்வோருக்கு, வேலையின் இடையே கிடைக்கும் வாய்ப்பில் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே அதன் 44ஆம் பிரிவில் சொன்னது. ஸ்டூல் போட்டால் சோம்பல் வரும் என்று இன்றும் சொல்லும் உரிமையாளர்களை என்ன சொல்வது! ஒரு காலை மாற்றி வைத்துக்கொள்ள மேசைக்கு அடியில் 15 செ.மீ. உயரத்தில் ஒரு குழாயையும் பொருத்திவிடுங்கள். கழிவு அட்டையைக் காலுக்கு அடியில் விரிக்கும் வழக்கம் எல்லா யூனிட்டிலும் உண்டு. சிமென்ட் தரையைவிட அது மெத்தென்று இருக்கும், ஆனால் வழுக்கும். ரப்பர் மேட் வாங்குவதே மேல்.

நான்காம் படி: தூக்குவதை உருட்டுவதாக்குதல்

தூக்கும் சுமைக்குப் பல நாடுகளில் அடிப்படையாகக் கொள்ளப்படும் அமெரிக்கச் சூத்திரம் ஒன்று 23 கிலோவில் தொடங்குகிறது. சுமை உடலை ஒட்டி இருந்து, இடுப்பளவில் பிடித்து, உடலைத் திருப்பாமல் எப்போதாவது தூக்கினால்தான் அந்த 23 கிலோ. எட்டிப் பிடிப்பதும், திரும்புவதும், அடிக்கடி தூக்குவதும் சேரச்சேர அளவு குறைந்துகொண்டே வரும். எனவே 30 கிலோ வரும் பெட்டிக் கட்டை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வாங்குபவர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கேட்டாலும், அவருடைய குடோனிலும் அதை ஒரு மனிதர்தான் இறக்குகிறார் என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

பெரிய சக்கரம் வைத்த டிராலியின் கைப்பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே இருக்கவேண்டும். அதை இழுக்காமல் தள்ளிப் பழகவேண்டும். டிராலி வாங்குவதற்கு முன் தரையின் குழிகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள். குழியில் மாட்டும் டிராலி இரண்டே வாரத்தில் மூலைக்குப் போய்விடும்.

பேலட்டுக்கு நம் ஊரில் இன்னொரு பயனும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தரையில் அடுக்கிய அட்டை நீரை உறிஞ்சினால் அடிவரிசை நசுங்கி, மேல்வரிசையும் சாய்ந்துவிடும். முதுகுக்காக உயர்த்திய அடுக்கு அப்போது சரக்கையும் காப்பாற்றும்.

ஐந்தாம் படி: மெஷின்களின் வரிசை

ரீல் இறங்கும் கதவுக்கும் சரக்கு ஏறும் கதவுக்கும் இடையே வேலை திரும்பி வராமல் ஒரே திசையில் ஓடவேண்டும். ஷெட்டுக்கு ஒரே கதவு என்றால் லாட வடிவில் அமைக்கலாம். முதல் படியில் வரைந்த இடியாப்பப் படத்தில் எந்த இரு மெஷின்களுக்கு இடையே கோடு அதிகம் விழுந்ததோ, அவற்றை மட்டும் முதலில் அருகே கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இடம் மாற்றினால் மறுநாள் யாருக்கும் எதுவும் கைக்குக் கிடைக்காது. அட்டை எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால், வெளியேறும் வழியில் ஒரு கட்டுகூட நிற்கக்கூடாது. ஸ்லாட்டிங், கிரீசிங் மெஷின்களின் பாதுகாப்பு மூடியை வேகத்துக்காகக் கழற்றுவது இந்தச் செய்முறையில் எங்கும் இடம்பெறாது.

ஆறாம் படி: வெக்கையும் வெளிச்சமும்

கடலோரப் புழுக்கத்தில் வியர்வை உடலில் காயாததால், கத்திரி வெயிலில் தகர ஷெட் மிகக் கடுமையாகிவிடும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மேலே சுழலும் வென்டிலேட்டர், பத்தடி தூரத்துக்குள் குடிநீர் ஆகியவை முதல் செலவாகட்டும். பின் விழும் இடத்தில் ஆளின் நிழல் படாமல், விளக்கைப் பின்புறமிருந்து எடுத்து முன்பக்கவாட்டில் மாட்டுங்கள். தவறிய பின்கள் குறைவதை நீங்களே எண்ணிப்பார்க்கலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுக்கும்போது, தசையும் மாறுகிறதா என்று பாருங்கள். ஒரு பெடல் மெஷினிலிருந்து இன்னொரு பெடல் மெஷினுக்கு அனுப்பினால் அதே கால்தான் வலிக்கும்.

ஏழாம் படி: மறுபடி அளத்தல்

மாற்றம் செய்த முதல் வாரத்தில் எண்ணிக்கை சற்றுக் குறையலாம். கை புதிய உயரத்துக்குப் பழகவேண்டும். மூன்றாம் வாரம் அதே நேரக் கணக்கையும், அதே நடைப் படத்தையும், அதே சிவப்புப் புள்ளித் தாளையும் திரும்ப எடுங்கள். மேற்கொண்டு ஆலோசகர் உதவி தேவைப்பட்டால், உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற உற்பத்தி நிறுவனங்களுக்காக ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் தொடங்கிய, வீண் வேலையைக் குறைக்க உதவும் லீன் திட்டத்தில் ஆலோசனைச் செலவின் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது.

புள்ளித் தாளைப் பார்க்கும்போது எத்தனை குறைந்தன என்பதோடு எங்கே நகர்ந்தன என்பதையும் கவனியுங்கள். இடுப்பிலிருந்த புள்ளி தோளுக்கு ஏறியிருந்தால் மேசை உயரம் அதிகமாகிவிட்டது என்று பொருள். மேடையில் 3 செ.மீ. பலகை ஒன்றைச் சேர்த்து, இன்னும் ஒரு வாரம் கழித்து அதே அக்காவிடம் தாளை நீட்டுங்கள்.