நிகழாதவற்றையும் கணக்கில் கொள்ளும் வரிசைத் தரவு ஆய்வு

மருந்து தரப்பட்டது, இரத்தப் பரிசோதனை நடக்கவில்லை, நோயாளி மீண்டும் அனுமதிக்கப்பட்டார் என்ற வரிசையில், நடக்காமல் போன நடுநிகழ்வே பெரும்பாலும் முக்கியமான செய்தியைச் சொல்கிறது. ஆனால், 1995-இல் கணினி ஆய்வாளர்கள் அகர்வாலும் ஸ்ரீகாந்தும் முன்வைத்த வரிசை வடிவத் தேடல் (பல வரிசைகளில் அடிக்கடி வரும் நிகழ்வுத் தொடர்களைக் கண்டறியும் முறை), நடந்தவற்றை மட்டுமே எண்ணுகிறது.

நடக்காத நிகழ்வுகளுக்கு எல்லையே இல்லை என்பதால், எவற்றின் இன்மையைத் தேடுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்து இரண்டு இன்மைகள் வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் தேடலைப் பெரிதும் சுருக்கும்.

அடுத்து, பிரிஃபிக்ஸ்ஸ்பேன் (PrefixSpan) போன்ற வழக்கமான வரிசை வடிவத் தேடல் நெறிமுறையால் நேர்வடிவங்களை, அதாவது நடந்த நிகழ்வுகள் மட்டுமே கொண்ட வடிவங்களை, எண்ணுங்கள். மருந்துக்குப் பின் மறுஅனுமதி 120 வரிசைகளிலும் (ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை), இடையில் பரிசோதனையுடன் 45 வரிசைகளிலும் இருப்பதாகக் கொண்டால், பரிசோதனையற்ற வடிவத்தின் ஆதரவு, அதாவது அவ்வடிவம் காணப்படும் வரிசைகளின் எண்ணிக்கை, 120-இல் 45 போக 75 ஆகும். தரவை மறுபடி வாசிக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்காமல் விடக்கூடாது. ஒரே நோயாளிக்கு மருந்து, மறுஅனுமதி, மருந்து, பரிசோதனை, மறுஅனுமதி என அமைந்தால், முதல் சுற்றில் பரிசோதனை இல்லை, இரண்டாவதில் உண்டு. மேற்கண்ட கழித்தல் இவரை விலக்கிவிடும். ஒரு சுற்றிலாவது இன்மை இருந்தால் போதும் என்ற வரையறையோ சேர்த்துக்கொள்ளும். எதை ஏற்கிறீர்கள் என்பதை ஆய்வறிக்கையில் எழுதியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதிவு விடுபட்டதையும் நிகழ்வு நடக்காததையும் தரவு தானாகப் பிரித்துக் காட்டாது. ஆகவே, பரிசோதனை முடிவுகள் முறையாகப் பதிவான காலப்பகுதியை மட்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.