வேலை மட்டக்களப்புக்கு வரட்டும், வாடிக்கையாளர் தரவு வரவேண்டாம்

மட்டக்களப்பில் ஒரு வீட்டு மாடியில் நான்கு பேர் இருந்து இலண்டன் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கலாம். கொழும்புக்குப் போய் வாடகை அறை தேட வேண்டியதில்லை. கொடுப்பவருக்குச் செலவு குறைவு, செய்பவருக்கு ஊரில் இருந்தபடியே வெளிநாட்டுக் காசு. நேர வித்தியாசமும் கைகொடுக்கிறது. குளிர்காலத்தில் இலண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே பிற்பகல் 2.30. காலை முழுக்க அமைதியாக எழுதிவிட்டுப் பின்னேரம் அவர்களோடு பேசித் தீர்க்கலாம். ரொறன்ரோ என்றால் அங்கே காலை 9 மணிக்கு இங்கே இரவு 7.30 ஆகிவிடும், அதை விலை பேசும்போதே பேசிவிடுங்கள்.

ஆனால் அங்குள்ளவர்களின் வாடிக்கையாளர் விவரம் ஒருமுறை கசிந்துவிட்டால், எவ்வளவு நல்ல கோட் எழுதியவருக்கும் அந்த வேலை திரும்பி வராது.

ஒரு பிழையைத் தேடுவதற்காக ‘டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு கொப்பி அனுப்புங்கோ’ என்று கேட்பதுதான் எல்லாத் தவறுக்கும் மூத்த தவறு. அந்தக் கொப்பி லப்டொப்பின் டவுன்லோட் கோப்புறையில் கிடக்கும், பென்டிரைவில் ஏறும், ஆறு மாதம் கழித்து யாருக்கும் அது நினைவில் இராது. சோதனைக்குத் தேவைப்படுவது தரவின் வடிவம் மட்டுமே. ஆகவே வேலை கொடுக்கும் கம்பனியின் பக்கத்திலேயே பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, சில நூறு வரிகளை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். மாற்றும் வேலையை இங்கே கொண்டுவந்து செய்தால் அதில் பயன் இல்லை, அசல் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும்.

மாற்றும்போதும் தவறு விடுகிறார்கள். பெயரை அழித்துவிட்டுப் பிறந்த திகதியையும் அஞ்சல் குறியீட்டையும் அப்படியே விடுவது ஒன்று. பிரித்தானியாவில் ஓர் அஞ்சல் குறியீட்டுக்குள் சராசரியாகப் பதினைந்து வீடுகள்தான் இருக்கும், பிறந்த திகதியும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அட்டவணையில் ‘குறிப்பு’ என்ற நெடுவரிசையில் ஊழியர்கள் தட்டிவைத்த நோய் விவரம், கடன் விவரம், பதிவேற்றிய பிடிஎப் கோப்புகள், யார் எப்போது என்ன செய்தார் என்று பதியும் லொக் அட்டவணைகள் ஆகியவற்றை மறப்பது இன்னொன்று. மின்னஞ்சல் முகவரிகளை உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட ‘எக்ஸாம்பிள் டொட் கொம்’ முகவரிகளாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் சோதனைச் சேர்வரில் இருந்து உண்மையான ஆட்களுக்குப் பொய்யான பில் போய்ச் சேரும்.

‘தரவு இலண்டன் சேர்வரில்தானே இருக்கிறது, நாங்கள் பார்க்க மட்டும்தானே செய்கிறோம்’ என்று நினைப்பது அடுத்தது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியான ஜீ.டி.பி.ஆர் விடயத்திலும், அதையொட்டிய பிரித்தானிய விதியிலும், கல்முனையில் இருந்து திரையில் பார்ப்பதும் தரவை வேறு நாட்டுக்கு அனுப்புவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். போதிய பாதுகாப்பு உள்ள நாடுகள் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் ஒன்றியத்துக் கம்பனியோடு 2021இல் வெளியான நியம ஒப்பந்த வாசகங்களையும் (தரவை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கென ஒன்றியம் எழுதிவைத்த மாதிரி ஒப்பந்தம்), பிரித்தானியக் கம்பனியோடு அந்நாட்டுக்குரிய தரவுப் பரிமாற்ற உடன்படிக்கையையும் கைச்சாத்திட வேண்டியிருக்கும். அவர்கள் அனுப்பும் பத்திரத்தை வாசிக்காமல் கைச்சாத்து வைக்காதீர்கள். அதன் பின்னிணைப்பில் ‘எல்லாக் கணினிகளும் மறையாக்கம் செய்யப்பட்டவை’, அதாவது சாவி இல்லாமல் உள்ளே இருப்பதை வாசிக்க முடியாதவை, என்று எழுதியிருந்தால், அதை உண்மையாக்குவது உங்கள் பொறுப்பு. இங்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

அந்த மறையாக்கத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லொக்கர் முழுமையாகக் கிடையாது, புரோ பதிப்பு வேண்டும். மீட்புச் சாவியை அதே லப்டொப்பில் சேமிக்கக் கூடாது. கொழும்பு இரவு பஸ்ஸில் பை தொலைந்தாலும், திரை உடைந்து லப்டொப் பழுதுபார்க்கும் கடையில் ஒரு வாரம் கிடந்தாலும், உள்ளே இருப்பதை மறையாக்கம்தான் காக்கும். கடைக்காரர் கேட்கிறார் என்று கடவுச்சொல்லைத் துண்டில் எழுதி ஒட்டிக் கொடுத்தால் அந்தக் காவலும் போய்விடும். கிராக் செய்த மென்பொருளை வேலைக் கணினியில் போடவே வேண்டாம். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகும் நிரல்கள் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கடவுச்சொல்லை வட்ஸ்அப் குழுவில் போடுவது சகஜமாகிவிட்டது. அது குழுவில் உள்ள அத்தனை போன்களிலும், அவற்றின் பேக்கப்பிலும் தங்கிவிடும். விற்ற பழைய போனிலும் இருக்கலாம். பிட்வோர்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகத்தைப் பயன்படுத்துங்கள், ஆளுக்கு ஒரு கணக்கு, இரட்டைச் சரிபார்ப்போடு. ‘அட்மின்’ என்ற ஒரே கணக்கில் நால்வரும் நுழைந்தால், தவறு நடந்த அன்று யார் செய்தது என்று காட்ட முடியாது. நிரபராதியையும் சந்தேகிக்க வேண்டி வரும்.

சேர்வருக்குள் நுழைய மென்பொருள் பயன்படுத்தும் இரகசியச் சாவி, கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்துக்குள் போய்விட்டால், கோப்பை அழித்து அந்த மாற்றத்தைப் புதிதாகப் பதிந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பழைய வரலாற்றில் சாவி அப்படியே இருக்கும். முதலில் அந்தச் சாவியைச் செல்லாததாக்குங்கள், பிறகு புதியதை எடுங்கள், இடைப்பட்ட நேரத்தில் யாராவது அதைப் பயன்படுத்தினார்களா என்று லொக்கில் பாருங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது கடைசி வேலை.

வேலை கூடிவிட்டால் ஒரு பகுதியை நண்பனிடம் கொடுப்பது ஊரில் இயல்புதான். ஆனால் வேலை கொடுத்த கம்பனியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தரவைத் தொடும் வேலையை மூன்றாம் ஆளிடம் கொடுத்தால் அது ஒப்பந்த மீறல். உண்மையான பெயர்கள் உள்ள லொக்கை ஏஐ சாட் கருவியில் ஒட்டுவதும் அதே கணக்குத்தான். குழுவில் ஒருவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போகிறார் என்றால், பிரியாவிடைச் சாப்பாட்டுக்கு முன் அவருடைய அனுமதிகள் எல்லாம் மூடப்பட்டிருக்க வேண்டும். அவர் சேர்ந்த நாளிலிருந்து என்னென்ன அனுமதி கொடுத்தோம் என்ற பட்டியல் இருந்தால் அது அரை மணி நேர வேலை.

கசிவு நடந்துவிட்டால் மறைத்துச் சரிசெய்யப் பார்ப்பதுதான் மன்னிக்கப்படாத தவறு. ஐரோப்பியக் கம்பனி அதை அறிந்த நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் தன் நாட்டு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். சனி, ஞாயிறும் அதில் அடங்கும். நீங்கள் தாமதமின்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டும், ஒப்பந்தத்தில் 24 மணித்தியாலம் என்று போட்டிருந்தால் அதற்குள். வெள்ளி பின்னேரம் அலுவலகம் மூடிய பிறகும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். லொக்கை அழிக்காதீர்கள், சேர்வரை மீள நிறுவாதீர்கள், வலையமைப்பிலிருந்து துண்டித்துவிட்டு அப்படியே வையுங்கள்.

மாரியில் மின்வெட்டும் வெள்ளமும் வரும் ஊர் இது. கோட்டின் பேக்கப்பையும் கணினியையும் ஒரே வீட்டுக் கீழ்த்தளத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றாக நனையும். ஒரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும், அதிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று மாதம் ஒருமுறை செய்து பாருங்கள்.

வேலை முடிந்ததும் தரவை அழிக்கவோ திருப்பிக் கொடுக்கவோ வேண்டும். லப்டொப்கள், வெளி ஹார்ட்டிஸ்க், சோதனைச் சேர்வர், மின்னஞ்சல் இணைப்புகள், வட்ஸ்அப் என்று இடம் இடமாகப் பார்த்து, எதை எந்தத் திகதியில் யார் அழித்தார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கைச்சாத்திட்டு, கடைசி விலைப்பட்டியலோடு அனுப்புங்கள்.